பனியைத் துளைத்து வரும் பூ... காட்டிலிருந்து தோட்டத்துக்கு வந்த கதை!

துருக்கி நாட்டின் தென்பகுதியில், மத்தியதரைக் கடலை ஒட்டி நீண்டு கிடக்கிறது தோரோஸ் மலைத்தொடர். குளிர்காலத்தில் அந்த மலைச்சரிவுகள் பனியால் மூடிக் கிடக்கும். ஆடுகள் பட்டியைவிட்டு நகராது. ஓக், தேவதாரு மரங்களுக்கு அடியில் பச்சை என்று சொல்ல எதுவும் இருக்காது. ஜனவரி பிறந்து, பனி லேசாக இளகும் நேரத்தில், அந்த வெண்பனிக்குள் இருந்தே ஒரு பூ தலைகாட்டும். ஒரு சாண் உயரம்தான். தலைகுனிந்து தொங்கும் மூன்று வெள்ளை இதழ்கள். அவற்றுக்கு உள்ளே பச்சைப் பொட்டு வைத்தாற்போல மூன்று சின்ன இதழ்கள். ‘வசந்தம் வரப்போகிறது’ என்று அந்த மலைவாசிகளுக்கு முதலில் சொல்வது இந்தப் பூதான்.

துருக்கி மக்கள் இதை ‘கர்தெலென்’ என்கிறார்கள். ‘கர்’ என்றால் பனி, ‘தெலென்’ என்றால் துளைப்பது. ஆங்கிலத்தில் இதன் பெயர் ‘ஸ்னோடிராப்’. தாவரவியலில் ‘கலாந்தஸ்’. கிரேக்க மொழியில் அதற்குப் ‘பால் பூ’ என்று பொருள்.

பூ சின்னதுதான். ஆனால், இதன் கிழங்கைத் தோண்டி விற்றுத்தான் தோரோஸ் மலையின் பல கிராமங்கள் பல ஆண்டுகள் கைச்செலவுக்குக் காசு பார்த்தன. தோண்டத் தோண்டக் காடு காலியானது. பிறகு, அதே கிராமத்து மக்களில் சிலர் கிழங்கைத் தங்கள் தோட்டத்தில் நட்டுப் பெருக்கத் தொடங்கினார்கள். காட்டுக் கிழங்கையும் மூலிகையையும் நம்பிப் பிழைக்கும் எந்த ஊருக்கும் அந்த அனுபவத்தில் எடுத்துக்கொள்ள விஷயம் இருக்கிறது.

வெங்காயத்துக்குச் சொந்தக்காரன்!

ஸ்னோடிராப்பில் இருபதுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. ஐரோப்பாவின் மலைக்காடுகள் முதல் துருக்கி, ஜார்ஜியா, காகசஸ் மலைகள் வரை இவற்றின் தாயகம். அதிக இனங்கள் இருப்பது துருக்கியில்தான். தோரோஸ் மலையில் அதிகம் தோண்டப்பட்டது ‘எல்வெஸி’ என்ற இனம். 1874-ம் ஆண்டு, துருக்கியின் இஸ்மிர் நகரத்துக்கு அருகில் இதைப் பார்த்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோன ஹென்றி ஜான் எல்வெஸ் என்பவரின் பெயரே இதற்கு வைக்கப்பட்டது.

மண்ணுக்கு அடியில் இருக்கும் கிழங்கு, பார்ப்பதற்குச் சின்ன வெங்காயம் போலவே இருக்கும். உறவும் உண்டு. இன்றைய தாவரவியல் வகைப்பாட்டின்படி வெங்காயம், பூண்டு, ஸ்னோடிராப் மூன்றும் ஒரே குடும்பம். ஆனால், இதைச் சமைக்க முடியாது. கிழங்கு நச்சுத்தன்மை கொண்டது. தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும்.

இந்தச் செடியின் ஆண்டுக் கணக்கு, நம் ஊர்ப் பயிர்களுக்கு நேர் எதிரானது. கோடையில் உறக்கம். மழையும் குளிரும் தொடங்கும் இலையுதிர் காலத்தில் வேர் விடும். பனிக்காலத்தின் முடிவில் இலையும் பூவும். இலை நுனி கெட்டியாக இருப்பதால் இறுகிய மண்ணையும் பனியையும் முட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. மே, ஜூன் மாதங்களில் இலை மஞ்சளாகிக் காய்ந்துவிடும். அதன்பின், அந்த இடத்தில் செடி இருந்த அடையாளமே தெரியாது.

ஏன் இவ்வளவு அவசரம்?

கடும்பனியில் பூக்க வேண்டிய கட்டாயம் என்ன என்று தோன்றலாம். காரணம், தலைக்கு மேல் இருக்கும் மரங்கள். ஓக் போன்ற மரங்கள் குளிர்காலத்தில் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். அப்போதுதான் வெயில் தரைவரை இறங்கும். வசந்தம் முற்றி, மரங்கள் துளிர்த்துக் குடை விரித்துவிட்டால் அடியில் நிழல் மண்டிவிடும். அதற்குள் இலை விட்டு, வெயில் குடித்து, பூத்து, காய்த்து, கிழங்கில் உணவைச் சேமித்து முடித்துவிட வேண்டும். ஆண்டுக்கு அதற்குக் கிடைப்பது நான்கைந்து மாதங்கள்தான்.

அந்தக் குளிரில் மகரந்தம் கடத்த ஆள் வேண்டுமே? வெயில் எட்டிப்பார்த்து, வெப்பநிலை சுமார் 10 டிகிரியைத் தாண்டும்போது பூவின் வெளி இதழ்கள் விரிகின்றன. தேனீக்கள் கூட்டைவிட்டு வெளியே வருவதும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான். வேறு பூக்கள் இல்லாத காலத்தில் தேனீக்களுக்குக் கிடைக்கும் முதல் மகரந்தங்களில் இதுவும் ஒன்று. மழையும் பனியும் பெய்யும்போது பூ தலைகுனிந்தே இருப்பதால் மகரந்தம் நனைவதில்லை.

விதை பரப்புவது எறும்புகளின் வேலை. ஒவ்வொரு விதையின் நுனியிலும் கொழுப்புச் சத்துள்ள ஒரு சின்ன வால் இருக்கும். எறும்பு அதற்காக விதையைப் புற்றுக்கு இழுத்துப்போய், வாலை மட்டும் தின்றுவிட்டு விதையைப் போட்டுவிடும். அங்கே முளைக்கும். முளைத்த நாற்று முதல் பூவைக் காட்ட மூன்று, நான்கு ஆண்டுகள் பிடிக்கும். தோண்டுபவரின் கணக்கு இங்கேதான் இடிக்கிறது. ஒரு கிழங்கைத் தோண்ட ஒரு நிமிடம் போதும். அந்த இடத்தில் விதையிலிருந்து இன்னொரு கிழங்கு தேற நான்கு ஆண்டுகள் வேண்டும்.

செடி இருக்கும் இடமும் முக்கியம். இலை மக்கிய, ஈரம் காக்கும், ஆனால் தண்ணீர் தேங்காத மண். தோரோஸ் மலையில் சுண்ணாம்புப் பாறைகளின் இடுக்குகளிலும் மரத்தடிகளிலும் இப்படிப்பட்ட மண் இருக்கிறது. மரம் வெட்டப்பட்டால் நிழலும் இலைமக்கும் போய்விடும். அதோடு இதுவும் போய்விடும்.

கோடிக்கணக்கில் தோண்டிய காலம்!

ஐரோப்பியர்களுக்குத் தோட்டத்துப் பூச்செடி என்றால் உயிர். பனிக்காலத்திலேயே பூப்பதால் ஸ்னோடிராப்புக்குத் தனி மவுசு. 1970, 80-களில் துருக்கியின் காடுகளிலிருந்து ஆண்டுக்குக் கோடிக்கணக்கான கிழங்குகள் ஏற்றுமதியாயின. பெரும்பகுதி போய்ச் சேர்ந்த இடம், பூக்கிழங்கு வணிகத்தின் தலைநகரான நெதர்லாந்து.

கிராமத்து ஆண்களும் பெண்களும் சிறுகோடாலி, கூர்க்கம்பியோடு மலையேறித் தோண்டுவார்கள். ஊர்த் தரகர் வாங்குவார். அவரிடமிருந்து ஏற்றுமதியாளர், அவரிடமிருந்து நெதர்லாந்து வியாபாரி, அங்கே பாக்கெட் போட்டு மற்ற நாடுகளின் கடைகளுக்கு. தோட்டத்தில் நடுபவருக்கு அது காட்டிலிருந்து வந்த கிழங்கு என்பதே தெரியாது. நம் ஊரில் தக்காளிக்கும் வெங்காயத்துக்கும் எத்தனை கை மாறுகிறதோ அதே கதைதான். தோண்டியவர் கைக்கு வருவது கடைசி மிச்சம்.

சேதாரமும் அதிகம். ஸ்னோடிராப் கிழங்கின் தோல் மெல்லியது. காற்றில் கிடந்தால் சீக்கிரம் வற்றிவிடும். வற்றிய கிழங்கு நட்டால் முளைப்பது சந்தேகம். அதனால், காட்டிலிருந்து எடுத்த கிழங்குகளில் கணிசமானவை எந்தத் தோட்டத்திலும் பூக்காமலே வீணாயின. சின்னதும் பெரியதுமாகச் சேர்த்து அள்ளியதால், அடுத்த தலைமுறைக்கு நிற்க வேண்டிய கிழங்கும் போனது.

இதற்கு நேர்மாறான இன்னொரு சந்தையும் உண்டு. ஸ்னோடிராப்பில் அபூர்வ நிறம், வடிவம் கொண்ட ரகங்களைச் சேகரிக்கும் கூட்டம் இங்கிலாந்தில் இருக்கிறது. 2022-ம் ஆண்டு, மஞ்சள் நிறப் பொட்டு கொண்ட ‘கோல்டன் டியர்ஸ்’ ரகத்தின் ஒரே ஒரு கிழங்கு, இணைய ஏலத்தில் 1,850 பவுண்டுக்கு விலைபோனது. இப்படிப்பட்ட விலை, தோட்டத்தில் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய ரகத்துக்குத்தான் கிடைக்கிறது. காட்டில் அள்ளிய மூட்டைக்குக் கிடைப்பதில்லை.

கட்டுப்பாடு வந்தது... மாற்றுவழியும் வந்தது!

அழிந்துவரும் காட்டு விலங்கு, தாவரங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்த ‘சைட்டிஸ்’ என்ற ஒப்பந்தம் இருக்கிறது. இந்தியாவும் 1976 முதல் இதில் இருக்கிறது. நமக்குத் தெரிந்த செம்மரம், இந்த ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில்தான் இடம்பெற்றிருக்கிறது. 1990-ம் ஆண்டு முதல் ஸ்னோடிராப் இனங்கள் அனைத்தும் அதே பட்டியலில் சேர்க்கப்பட்டன. பட்டியலில் இருந்தால் வணிகமே கூடாது என்று அர்த்தமில்லை. இத்தனை கிழங்குதான் போகலாம் என்ற வரம்பும், எங்கிருந்து வந்தது என்ற சான்றும் இருக்க வேண்டும்.

துருக்கி அரசு ஆண்டுதோறும் ஏற்றுமதிக்கு உச்சவரம்பு அறிவிக்கத் தொடங்கியது. குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்த சிறு கிழங்குகளை விற்கக் கூடாது என்ற விதியும் உண்டு. ஆனால், தடையும் வரம்பும் மட்டும் போட்டால் மலைக் கிராமத்து அடுப்பு எப்படி எரியும்? வேறு வழியில்லாதவர் திருட்டுத்தனமாகத் தோண்டத்தான் செய்வார்.

அதனால், 1990-களில் தோரோஸ் மலையின் தும்லுகோஸே போன்ற கிராமங்களில் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. பிரிட்டனைச் சேர்ந்த ஒரு வன உயிர்ப் பாதுகாப்பு அமைப்பும் துருக்கியின் இயற்கைப் பாதுகாப்புச் சங்கமும் சேர்ந்து செய்த வேலை அது. காட்டுக் கிழங்கைக் கொஞ்சம் தாய்க்கிழங்காக எடுத்து, கிராமத்தினரின் சொந்தத் துண்டு நிலத்தில் நட்டு, பெருக்கி, விற்கச் செய்தார்கள். நெதர்லாந்து வணிகர்களும் ‘காட்டிலிருந்து எடுத்தது’, ‘சாகுபடி செய்தது’ என்று கிழங்குப் பொட்டலங்களில் பிரித்து அச்சிட ஒப்புக்கொண்டார்கள். விளைவித்த கிழங்குக்குத் தனி அடையாளம் கிடைத்தது.

சாகுபடி முறை எளிமையானது. இலைமக்கு கலந்த பாத்தியில், கிழங்கின் உயரத்தைப்போல இரண்டு, மூன்று மடங்கு ஆழத்தில் நட வேண்டும். இலை தானாகக் காயும்வரை அறுக்கக் கூடாது. இலைதான் அடுத்த ஆண்டுக்கான உணவைக் கிழங்குக்கு அனுப்புகிறது. காய்ந்தபின் தோண்டி, பெரியதை விற்பனைக்கும் சிறியதை மறுநடவுக்கும் பிரிக்க வேண்டும். தோண்டிய கிழங்கை வெயிலில் போடாமல் சீக்கிரம் நட்டுவிட வேண்டும்.

ஒரு மனக்கணக்கு போட்டுப் பார்க்கலாம். தாய்க்கிழங்கு பக்கக்கிழங்குகள் விட்டு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்று நட்ட 1,000 கிழங்கு, 2 ஆண்டில் 2,000, 4 ஆண்டில் 4,000, 6 ஆண்டில் 8,000. அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 4,000 கிழங்கை விற்றாலும் மீதி 4,000 திரும்ப 8,000 ஆகும். அதே 1,000 கிழங்கை முதல் ஆண்டிலேயே விற்றிருந்தால் கணக்கு அன்றே முடிந்திருக்கும். நிலத்தைப் பொறுத்து வேகம் கூடும், குறையும். ஆனால், கணக்கின் போக்கு மாறாது. முதல் சில ஆண்டுகள் பொறுக்க முடிகிறதா என்பதுதான் சின்ன விவசாயிக்கு உண்மையான சோதனை. அதனால்தான் இதை முழுநேரத் தொழிலாக எடுக்காமல், வழக்கமான பயிருக்கும் ஆட்டுக்கும் பக்கத்தில் ஒரு பாத்தியாக வைப்பது உசிதம்.

எண்ணிப் பார்த்த ஜார்ஜியா!

துருக்கிக்கு அடுத்துள்ள ஜார்ஜியா நாட்டின் அட்ஜாரா பகுதியில் ‘வோரோனோவி’ என்ற இன்னொரு ஸ்னோடிராப் இனம் இருக்கிறது. அங்கிருந்து ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி கிழங்குகள்வரை ஏற்றுமதி செய்யலாம் என்று வரம்பு வைத்திருந்தார்கள். அந்த வரம்பு சரிதானா என்று யாருக்குத் தெரியும்? 2009-ம் ஆண்டு, லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் ஆய்வாளர்கள் களத்தில் இறங்கி, கிழங்கு எங்கெங்கே, எவ்வளவு இருக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். ஏரியில் எவ்வளவு மீன் இருக்கிறது என்று தெரியாமல் குத்தகைக்கு விடுவதைப் போன்றதுதான், எண்ணாமல் வரம்பு வைப்பது.

நினைவாற்றலுக்கு மருந்து... புகையானுக்கு எதிரி!

இந்தக் கிழங்கின் நச்சுப்பொருள்களில் ஒன்று மருந்தாகவும் ஆனது. 1950-களில் சோவியத் ஆய்வாளர்கள் ஸ்னோடிராப்பிலிருந்து ‘கலாண்டமின்’ என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். பல்கேரியாவில் இது மருந்தாக்கப்பட்டு, இளம்பிள்ளை வாதத்தின் பாதிப்புக்குக் கொடுக்கப்பட்டது. 2001-ம் ஆண்டு, ‘அல்சைமர்’ எனும் மறதி நோய்க்கு இதைப் பயன்படுத்த அமெரிக்கா அனுமதி தந்தது. நோயை இது குணப்படுத்துவதில்லை. தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கு நினைவாற்றல் குறைவதைச் சில காலம் தள்ளிப்போட உதவுகிறது. இன்றைக்கு இந்த மருந்து, டஃபோடில் போன்ற பயிரிடப்படும் செடிகளிலிருந்தும் ஆய்வகத்திலும் தயாராகிறது.

நெல் விவசாயிகளுக்கும் இந்தப் பூ அந்நியமில்லை. ஸ்னோடிராப்பில் இருக்கும் ஒரு புரதம், சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு ஆகாது. அந்தப் புரதத்துக்கான மரபணுவை நெல்லில் சேர்த்தால் புகையான் தாக்குதல் குறைகிறதா என்று ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகம் உட்படப் பல இடங்களில் ஆராய்ந்திருக்கிறார்கள். பூச்சியின் வளர்ச்சி குறைந்ததாக முடிவுகள் வந்தன. ஆனால், மரபணு மாற்றப்பட்ட அந்த நெல் விவசாயிகளின் வயலுக்கு வரவில்லை.

இந்த இரண்டு பயனும் தெரியவந்தபோது செடி காட்டில் உயிரோடு இருந்தது. அதனால்தான் ஆராய முடிந்தது.

நம் காட்டின் செங்காந்தள்!

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கதையும் ஏறக்குறைய இதேதான். கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்று அழைக்கப்படும் இது, நம் காட்டோரங்களிலும் வேலிகளிலும் தானாகப் படர்ந்து கிடந்த செடி. வசந்தத்துக்குப் பதிலாக மழைக்காலத்தில் பூக்கும். விதையிலிருந்து எடுக்கப்படும் ‘கோல்ச்சிசின்’ மருந்துக்காக மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி, வேதாரண்யம் பகுதிகளில் பந்தல் போட்டுச் சாகுபடி செய்கிறார்கள்.

இந்தச் சாகுபடி பரவியபோது நடவுக்குத் தேவையான விதைக்கிழங்கு காட்டிலிருந்துதான் தோண்டி வரப்பட்டது. தோட்டத்துக்கு வந்த பயிர் காட்டைக் காப்பாற்ற வேண்டும். ஆனால், விதைக்கிழங்குக்குத் திரும்பத் திரும்பக் காட்டுக்கே போனால் சாகுபடியே காட்டைக் காலி செய்துவிடும். தன் தோட்டத்தில் விளைந்த கிழங்கில் ஒரு பங்கை மறுநடவுக்கு ஒதுக்குவது, பக்கத்து விவசாயியோடு மாற்றிக்கொள்வது ஆகிய இரண்டையும் செய்தால் காட்டுக்குப் போகவே தேவையில்லை. விதைக்கிழங்குக்குக் கொடுக்கும் பணமும் மிச்சம்.

அடிக்கடி எழும் கேள்விகள்

ஸ்னோடிராப் நம் ஊரில் வளருமா?

சமவெளியில் வளராது. பூப்பதற்குப் பல வாரங்கள் கடுங்குளிர் தேவை. ‘ஊட்டி, கொடைக்கானலில் வரும்’ என்று யாராவது கிழங்கு விற்க வந்தால் பணம் கொடுக்க வேண்டாம். அங்கும் பனிமூடும் குளிர்காலம் கிடையாது.

வெளிநாட்டிலிருந்து பூக்கிழங்குகளை வரவழைக்கலாமா?

எந்தச் செடி, கிழங்கு, விதையாக இருந்தாலும் இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் பயிர்நலச் சான்றிதழும் வேண்டும். 2003-ம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை இதைக் கட்டாயமாக்குகிறது. ஸ்னோடிராப்புக்கு இவற்றோடு சைட்டிஸ் ஆவணமும் தேவை. பையில் போட்டுக் கொண்டுவரும் கிழங்கோடு புதிய நோயும் வந்து சேரலாம்.

செங்காந்தள் விதைக்கிழங்கை எப்படிப் பெருக்குவது?

முற்றிய கிழங்கு கலப்பை வடிவில், இரண்டு கையாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும் முளைக்குருத்து இருக்கும். அது உடைந்தால் கிழங்கு முளைக்காது. செடி காய்ந்தபின் குருத்தில் அடிபடாமல் தோண்டி, நிழலில் மணல் பரப்பிச் சேமித்து, ஜூன், ஜூலை மழையோடு நடலாம்.

ஆடு, மாடு, குழந்தைகளுக்கு ஆபத்து உண்டா?

உண்டு. செங்காந்தளின் எல்லாப் பாகமும் நஞ்சு. கிழங்கும் விதையும் உயிரைப் பறிக்கக்கூடியவை. விதை காயவைக்கும் களத்தில் குழந்தைகளையும் கோழி, ஆடுகளையும் விடக் கூடாது. கையுறை போட்டுக் கையாள வேண்டும். தவறி யாராவது தின்றுவிட்டால், கைவைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

காப்புக்காட்டில் கிழங்கு எடுக்கலாமா?

வனத்துறை அனுமதியில்லாமல் எடுப்பது குற்றம். மூலிகைச் சாகுபடி செய்ய விரும்புபவர்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தை அணுகலாம். தேசிய மருத்துவ தாவர வாரியத்தின் திட்டங்கள் பற்றியும் அங்கே விசாரிக்கலாம். முதல்முறை விதைக்கிழங்கு வாங்கும்போது, அது எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்று விற்பவரிடம் கேட்டு வாங்குவது நல்லது. பதில் சொல்லத் தயங்கினால், அது காட்டிலிருந்து வந்த கிழங்காக இருக்கலாம்.